ஆயுத பூஜையன்று பிடித்த தீ

போன மாதம் கொருக்குப்பேட்டையில், ரயில்வே லைன் ஓரத்துக் கொட்டகையில், என் கணவர் லோகநாதனின் படத்தைத் திறந்துவைத்தார்கள். கழகத்துத் தோழர் பொன்னுரங்கம் பேசினார். "முதலாளி நீட்டிய கற்பூரத் தட்டை நட்டநடுப் பட்டறையில் எட்டி உதைத்த மாவீரன்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். செத்தவனுக்காகக் கூடிய இடத்தில் கை தட்டலாமா என்ற சந்தேகம் ஒருவருக்கும் வரவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துப் பொன்னுரங்கம் இரண்டு முறை தலையாட்டினார். எனக்கு அது பெரிய ஆறுதல் என்று அவருக்கு எண்ணம்.

என் கணவர் எதையும் எட்டி உதைக்கவில்லை. கையால் தட்டிவிட்டார். அதுவும் பகுத்தறிவுக்காக அல்ல. முதலாளியின் சட்டை எரிந்துகொண்டிருந்தது.

நடந்ததை நான் நேரில் பார்த்தவள். அதனால் எழுதிவைக்கிறேன்.

திருவொற்றியூரில் கடலுக்கு ஒரு தெரு தள்ளி கிருஷ்ணப்பனின் இரும்புப் பட்டறை இருந்தது. துறைமுகத்துக்கு வேண்டிய போல்ட்டு, கப்பி, கொக்கி எல்லாம் அங்கே செய்தார்கள். என் கணவர் லேத்தில் கடைசல்காரர். ஞாயிற்றுக்கிழமை கறுப்புச் சட்டை போடுவார். ஆயுத பூஜைக்கு மற்றவர்களைப் போலவே தம் லேத்தைத் துடைத்துப் பளபளப்பாக வைத்துவிட்டுத் தீபாராதனை நேரத்தில் மட்டும் வாசல் பக்கம் போய் நின்றுகொள்வார். பிறகு வந்து பொரியும் கடலையும் வாங்கிக்கொள்வார். பொரி கடலை கொள்கைக்கு விரோதம் என்று கழகத்தில் யாரும் இதுவரை தீர்மானம் போடவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் ஒரு கப்பல் என்ஜினீயர், தன் கப்பலின் பளுத்தூக்கியைச் சீக்கிரம் சரிசெய்து கொடுத்த சந்தோஷத்தில், கிருஷ்ணப்பனுக்கு ஒரு சின்ன என்ஜினைக் கொடுத்துவிட்டுப் போனான். பொம்மை விமானத்தில் வைக்கிற என்ஜின். எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரியது. தலையில் ஒரு குட்டிப் பிளக்கு, அதற்குள் மயிர்போல ஒரு கம்பிச்சுருள். பேட்டரி செல்லிலிருந்து மின்சாரம் கொடுத்தால் சுருள் சிவக்கும். முன்பக்கத்து மர விசிறியைச் சுண்டிவிட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். பிறகு செல்லைக் கழற்றிவிட்டாலும், எரிகிற சூட்டிலேயே சுருள் சிவந்திருக்கும், என்ஜின் நிற்காது. இதை என் கணவர் எனக்குச் சொன்னபோது அவர் முகம், பெண் பார்க்க வந்த அன்றுகூட அவ்வளவு பிரகாசமாக இல்லை.

கிருஷ்ணப்பனுக்கு என்ஜின் மேல் ஆசை கிடையாது. ஆயுத பூஜைக்கு வருகிற துறைமுக அதிகாரி வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான். அதிகாரி எதிரில் என்ஜினை ஓட்டிக் காட்டினால் லோகநாதனை மேஸ்திரி ஆக்குவதாகப் பத்து பேர் எதிரில் சொன்னார். மேஸ்திரிக்குப் பட்டறைக்குப் பின்னால் கிணறும் முருங்கை மரமும் உள்ள வீடு உண்டு. ரயில்வே லைன் ஓரத்தில் நாங்கள் இருந்த அறையிலோ, கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் சோற்றுப் பானையை மூடிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கரி விழுந்து சாதம் கறுப்பாகிவிடும். அந்த வீட்டில் எந்த மூலையில் அம்மி போடுவது என்பதுவரை நான் முடிவு செய்துவிட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறைக் கொல்லையில் அவர் என்ஜினைப் பழக்கினார். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நான் பார்த்துக்கொண்டிருப்பேன். தேக்குக் கட்டையில் என்ஜினைப் போல்ட்டு போட்டு இறுக்கி, கட்டையைக் கனமான மேஜையில் முடுக்கியிருந்தார். கையால் பிடித்துக்கொண்டு ஓட்டுகிற வேலையே கிடையாது. யாரும் கிட்டே வராதபடி மேஜையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார். விசிறியில் சின்னக் கீறல் இருந்தாலும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகச் சீவிக்கொள்வார். விரலால் சுண்டமாட்டார், சைக்கிள் டியூப் சுற்றிய குச்சி ஒன்று வைத்திருந்தார். என்ஜின் பிடித்தவுடன் விசிறிக்குப் பின்பக்கம் வந்துவிடுவார், எண்ணெய் அளவைத் திருகுகிற ஊசியை அங்கே நின்றுதான் தொடுவார். வேட்டியை மடித்துக் கட்டி, துண்டைத் தூரப் போட்டுவிடுவார்.

துண்டைத் தூரப் போடும் வழக்கம் முதல் வாரத்தில் இல்லை. எண்ணெய் என்பது மெத்தனால் என்கிற ஸ்பிரிட்டும் விளக்கெண்ணெயும் கலந்தது. ஸ்பிரிட்டு வார்னிஷ்காரர்களிடம் கிடைக்கும், குடித்தால் கண் போய்விடும். அதில் கொஞ்சம் அவர் தோளில் கிடந்த துண்டில் சிந்தியிருந்தது. செல்லின் கம்பியில் பொறி பறந்ததும் அவர் திடீரென்று துள்ளினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நல்ல உச்சி வெயில். வெள்ளைத் துண்டு தானாகச் சுருங்கிக் கறுத்துக்கொண்டே போனது, தீ என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. தொட்டித் தண்ணீரில் தோளை முக்கிய பிறகுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அந்த ஸ்பிரிட்டு எரிந்தால் பகலில் தெரியாது. அன்றிலிருந்து எண்ணெய் டப்பாவை மூடி, சுவரோரம் கொண்டுபோய் வைத்த பிறகுதான் செல்லில் கம்பியை மாட்டுவார். பக்கத்தில் நனைத்த கோணி ஒன்று எப்போதும் இருக்கும்.

இதையெல்லாம் முதலாளியிடமும், முதலாளியின் மைத்துனன் குமாரவேலிடமும் சொன்னார். குமாரவேலுக்குப் பட்டறையில் இன்ன வேலை என்று கிடையாது. அக்காள் வாழ்க்கைப்பட்ட இடம் என்பதால் வந்து போய்க்கொண்டிருந்தான். அவனுக்கும் மேஸ்திரி வேலை மேல் கண்.

"இன்னா லோகு, எலிக்குட்டி மாரி கீது. இதுக்குப் போய் கயிறு கட்டி வேலி போடுறே?" என்றான்.

"அது சுத்தச் சொல்லோ விசிறி கண்ணுக்குத் தெரியாது நைனா. தெரியாதத எவன் பாத்து ஒதுங்குவான்?"

"கண்ணுக்குத் தெரியாததுக்குப் பயப்படுறியே, நீ கறுப்புச் சட்டையா, பூசாரியா?"

பட்டறையே சிரித்தது. குமாரவேல் வாழ்நாளில் சொன்ன ஒரே நல்ல நகைச்சுவை அதுதான், அதனால் அவன் அதை ஒரு வாரம் திரும்பத் திரும்பச் சொன்னான்.

பூஜையன்று முற்றத்தில் மேஜையைப் போட்டார்கள். எந்திரங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாயிற்று. என் கணவர் கேட்டது ஒன்றுதான்: முதலில் பூஜையை முடித்துவிடுங்கள், கற்பூரம் அணைந்த பிறகு நான் எண்ணெய் டப்பாவைத் திறக்கிறேன். கிருஷ்ணப்பன் சரி என்றார். ஆனால் அதிகாரி முன்னதாகவே வந்துவிட்டார், வேறு இடத்துக்கும் போக வேண்டுமாம். அதிகாரியைக் கண்டதும் கிருஷ்ணப்பனுக்குச் சரி என்று சொன்னது மறந்துபோயிற்று.

"மொதல்ல ஓட்டு. பூஜை அப்பாலே" என்றார்.

சரி, அதிலும் ஆபத்தில்லை. ஆனால் அதிகாரி பார்க்கும்போது வேலைக்காரன் கை மட்டும் என்ஜினில் இருந்தால் முதலாளிக்கு என்ன மரியாதை? பட்டு ஜிப்பாவோடு கயிற்றைத் தாண்டி வந்து, எண்ணெய் டப்பாவை என் கணவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இரண்டு சொட்டு விட வேண்டிய இடத்தில் குடத்தைக் கவிழ்ப்பதுபோலக் கவிழ்த்தார். என்ஜின் மேலும் மேஜை மேலும் அவர் வலது கைப் பட்டின் மேலும் வழிந்தது. என்ஜின் எண்ணெயில் முக்குளித்துப்போய்ப் பிடிக்கவில்லை. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

ராகுகாலம் வந்துகொண்டிருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். உடனே கிருஷ்ணப்பனுக்கு விளங்கிவிட்டது: பூஜை போடாததால்தான் என்ஜின் பிடிக்கவில்லை. தட்டைக் கொண்டுவரச் சொன்னார்.

"மொதலாளி, இருங்க. கைய கழுவுங்க, மேஜைய தொடச்சுடுறேன். அப்பாலே காட்டுங்க" என்றார் என் கணவர்.

"சாமிக்கு முன்னாடி இன்னாடா தொடைக்கிறது? ஒதுங்கு. ஒனக்குப் புடிக்கலன்னா வழக்கம்போல வாசல்ல போய் நில்லு."

கற்பூரத்தை ஏற்றித் தட்டை என்ஜின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினார். நான் பெண்கள் வரிசையில் நின்றிருந்தேன். பட்டு ஜிப்பாவின் கைக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்தேன், கோடையில் தார் ரோட்டின் மேல் நெளியுமே, அதுபோல. என்ஜினில் வைத்திருந்த பூ, யாரும் தொடாமலே சுருண்டது. கிருஷ்ணப்பன் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த சுற்றைத் தொடங்கினார்.

என் கணவர் தட்டைத் தட்டிவிட்டார். கோணியை எடுத்து முதலாளியின் கையில் சுற்றி, அவரை அப்படியே தரையில் சாய்த்து அமுக்கினார். கிருஷ்ணப்பன் அலறினார். மற்றவர்கள் பார்த்தது என்ன? சாமித் தட்டு பறந்தது, கறுப்புச் சட்டைக்காரன் முதலாளியைக் கீழே தள்ளி மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறான். குமாரவேலும் இன்னும் நாலு பேரும் வந்து அவரை இழுத்து, அடித்து, வெளியே தள்ளினார்கள். மேஜை மேல் எரிந்துகொண்டிருந்ததை அணைக்க ஆளில்லை. தேக்குக் கட்டை புகைந்த பிறகுதான் ஒருவன் தண்ணீர் ஊற்றினான். அதற்குள் அதிகாரி போய்விட்டிருந்தார்.

முதலாளியின் முழங்கையில் கொப்புளம். தட்டைத் தட்டிவிட்டதால் கற்பூரம் கையில் விழுந்தது, அதனால் சுட்டது என்று முடிவு கட்டினார்கள். சட்டை எரிந்ததால் தட்டைத் தட்டினார் என்பதை யாரும் கேட்கத் தயாராக இல்லை. அன்று சாயங்காலம் காசிமேடுவரை செய்தி போய்விட்டது. மறுநாள் காலையில் அது திரும்பி வந்தபோது கை, கால் ஆகியிருந்தது: எட்டி உதைத்துவிட்டானாம். கழகத்துத் தோழர்கள் வீடு தேடி வந்து பாராட்டினார்கள். பொன்னுரங்கம் அன்றைக்கே பூமாலை கொண்டுவந்தார்.

"நான் ஒதைக்கல தோழர். தீ புடிச்சுது" என்றார் இவர்.

பொன்னுரங்கம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்ககிட்ட இன்னாத்துக்கு மறைக்கிறீங்க?"

அன்று விஜயதசமி, பட்டறை திறந்தபோது இவர் போனார். நானும் கூடப் போனேன். எல்லோரையும் முற்றத்துக்கு வரச் சொல்லி, இரும்புத் தட்டில் கொஞ்சம் ஸ்பிரிட்டை ஊற்றி, தீக்குச்சி கிழித்துப் போட்டார்.

"தீ கீதா?" என்று கேட்டார்.

"இன்னா கீது? ஒண்ணும் இல்ல" என்றான் குமாரவேல்.

காய்ந்த வேப்பிலை ஒன்றைத் தட்டின் மேல் நீட்டினார். இலை கறுத்துச் சுருண்டு, நெருப்பாகி, அவர் விரலுக்கு வந்தது. கிருஷ்ணப்பன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு மனிதனுக்குப் புரிவது முகத்தில் தெரியும், எனக்குத் தெரிந்தது. இனிமேல் கவலையில்லை என்று நினைத்தேன்.

"தீயாவே இருக்கட்டும்" என்றார் கிருஷ்ணப்பன். "ஊரே பாத்தது தீய இல்ல. சாமித் தட்ட நீ தட்டுனத. சாமி படத்துக்கு முன்னாடி வுழுந்து எந்திரிச்சு, விபூதி வச்சுக்கோ. மேஸ்திரி வேல ஒனக்குத்தான்."

"எதுக்கு வுழணும்? தீய அணைச்சதுக்கா?"

"தட்டுனதுக்கு."

"தட்டுனதே அணைக்கத்தானே, மொதலாளி."

இப்படியே மூன்று முறை சுற்றிச் சுற்றிப் பேசினார்கள். இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கு வீம்பு, இவருக்குக் கணக்குச் சரியாக வர வேண்டும். என் கணவரைக் கழகத்துக்காரர்கள் கொள்கைக் குன்று என்கிறார்கள். கடவுள் இருக்கிறாரா என்று கேட்டிருந்தால்கூட அன்று அவர் விட்டுக்கொடுத்திருப்பார். தீ பிடித்ததா இல்லையா என்பதில் மட்டும் அவரால் முடியவில்லை. விபூதி தண்ணீர் பட்டால் போய்விடுகிற வஸ்து என்று நான் வழியெல்லாம் சொன்னேன்.

மேஸ்திரி வேலை குமாரவேலுக்குப் போயிற்று. வீடும் போயிற்று. அடுத்த வாரமே அவன், அதிகாரியைத் திரும்ப அழைத்து என்ஜினை ஓட்டிக் காட்டுகிறேன் என்று புறப்பட்டான். கயிறு கட்டவில்லை, குச்சி எடுக்கவில்லை. விசிறிக்கு நேர் எதிரில் குனிந்து, ஆட்காட்டி விரலால் சுண்டினான். என்ஜின் நன்றாகவே பிடித்தது. விசிறி விரலின் மேல் கணுவைக் கொண்டுபோய்விட்டது.

பூஜையில் பட்ட தோஷம் என்றார்கள். அதாவது, அந்த விரலையும் என் கணவர்தான் வெட்டியதாக ஆயிற்று.

செய்தி கேட்டதும் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. எப்படி நின்றான், எவ்வளவு எண்ணெய் விட்டான் என்று படுக்கை ஓரம் உட்கார்ந்து விசாரித்திருக்கிறார். குமாரவேல் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "வேல காலியா கீது. போய் கேளேன்" என்றானாம். கிண்டலாகத்தான் சொல்லியிருப்பான்.

இவர் போய்க் கேட்டார். கிருஷ்ணப்பன் விபூதித் தட்டை மேஜை மேல் நகர்த்தி வைத்தார். இவர் பழையபடி, தீ பிடித்ததால்தான் என்று ஆரம்பித்தார்.

நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாள் கொருக்குப்பேட்டையில் ஒரு போல்ட்டுப் பட்டறையில் சேர்ந்தார். அங்கே மேஸ்திரி என்று ஒரு வேலையே கிடையாது. சாகும்வரை அங்கே கடைசல் பிடித்தார், நாங்கள் அதே அறையில் இருந்தோம், கூட்ஸ் வண்டி வரும்போது நான் பானையை மூடினேன்.