காயாத துணி

வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறக்குமுன் மழைக்காரி மூச்சை அடக்கிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷப் பழக்கம். வாய்க்காற்று பட்டால்கூடக் கண்ணாடிக்குள் இருக்கும் பாதரசம் துள்ளி ஏறிவிடும். அப்புறம் அது ஊரின் வெயிலாக இருக்காது, அவள் வயிற்றுச் சூடாக இருக்கும்.

மழைக்காரி என்பது தெருவில் வைத்த பெயர். வானிலை நிலையத்தில் அளவு எடுப்பவள் என்று எத்தனை தடவை சொன்னாலும் யார் காதிலும் ஏறவில்லை. "என்ன மழைக்காரி, துணி காயப் போடலாமா, இல்ல நீ ஏதாவது ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கியா?" என்று எதிர்வீட்டுக்காரி தினமும் கேட்பாள். மழை வந்தால் இவள் வரவழைத்தது, வராவிட்டால் இவள் வாங்கி ஒளித்து வைத்தது.

கம்பி வேலிக்குள் கத்தரித்த புல், மழையளக்கும் குவளை, காற்றுத் திசை காட்டும் தகர அம்பு, நடுவில் நான்கு கால்களில் நிற்கும் இந்தப் பெட்டி. அம்பு மூன்று நாளாக அசையவில்லை. கடல் பக்கம் பார்த்தபடி, திட்டு வாங்கிய பிள்ளைபோல் நின்றது. பெட்டிக்குள் அக்கம்பக்கமாக இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே இருக்கும். மற்றொன்றின் அடிக்குமிழைச் சுற்றி மெல்லிய துணி. துணியின் வால் கீழே ஒரு சின்னக் குப்பித் தண்ணீருக்குள் தொங்கும். ஈரம் காயக் காயக் குளிரும், குளிரக் குளிர அளவு இறங்கும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் காற்று இன்னும் எவ்வளவு ஈரத்தைக் குடிக்கும் என்ற கணக்கு. நிலையத்தில் இரண்டையும் காய்ந்தது, நனைந்தது என்றுதான் சொல்வார்கள். நனைந்தது முப்பத்திரண்டைத் தாண்டினால் தலைமையகத்திலிருந்து வட்டாரம் முழுக்கச் செய்தி போகும். பன்னிரண்டிலிருந்து நாலு மணிவரை வெட்டவெளி வேலை எதுவும் கூடாது.

அந்தச் செய்திக்காகத்தான் தம்பி கால்மணி நேரத்துக்கு முன்னால் போன் செய்திருந்தான். அவன் தார்ச்சாலை போடும் ஆள்.

"அக்கா, உன் பெட்டி இன்னிக்கு என்ன சொல்லுது?"

"இன்னும் பாக்கலடா. பன்னெண்டுக்குத்தான் தெறப்பேன்."

"பாத்து நல்ல நம்பரா ஒண்ணு போடு. மேஸ்திரி மெசேஜ் வந்தாத்தான் விடுவேங்கறான்."

"நம்பர் என்ன என் மாமனார் வீட்டுச் சொத்தா, இஷ்டத்துக்கு அள்ளிப் போட?"

"இன்னிக்கு ஒரு மாதிரி இருக்குக்கா. வேர்வை வழியுது, ஆனா காயவே மாட்டேங்குது. சட்டைய புழிஞ்சா ஒரு குடம் தேறும்."

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சுட்டேதான் இருக்கேன். மழை வருமா, அதச் சொல்லு."

"வராது."

"உங்கிட்ட போய் கேட்டேன் பாரு," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

இப்போது கண்ணைக் குமிழின் மட்டத்துக்குக் கொண்டுவந்து பார்த்தாள். காய்ந்தது முப்பத்தேழு புள்ளி நாலு. நனைந்தது முப்பத்து நாலு புள்ளி ஒன்று.

மறுபடியும் பார்த்தாள். அதேதான்.

மழையில்லாத நடுப்பகலில் இரண்டுக்கும் ஆறு டிகிரிக்குக் குறைந்து இடைவெளி வந்ததை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால். முப்பத்து மூன்று என்று அப்படியே அனுப்பிவைத்தாள். செய்தி போயிற்று, வட்டாரம் முழுக்க வேலை நின்றது. சாயங்காலம் பார்த்தால் துணியில் அழுக்குப் படிந்து தண்ணீர் ஏறாமல், அளவு இறங்காமல் நின்றிருந்தது. தலைமையகத்து அதிகாரி போனிலேயே அவளைக் கழுவிக் காயப்போட்டார். நிலையத்தின் மூத்தவர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நிலையத்தின் மூன்று பேருக்குள்ளும் யாரும் எழுதிவைக்காத ஒரு வழக்கம் வந்துவிட்டது. இடைவெளி நம்ப முடியாத அளவுக்குக் குறைந்தால், துணியில்தான் கோளாறு. காய்ந்ததிலிருந்து நேற்றைய இடைவெளியைக் கழித்து எழுதி அனுப்பு, அப்புறம் சாவகாசமாகத் துணியை மாற்று.

தொட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் அந்தத் துணியை விரலால் தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்டால் துணி தண்ணீரை உறிஞ்சாது. அதுவும் பன்னிரண்டு வருஷப் பழக்கம். மாற்றுத் துணி இருக்கும் அலமாரிச் சாவியோ சாப்பிடப் போன மூத்தவரின் இடுப்பில்.

நேற்றைய இடைவெளி ஏழு புள்ளி எட்டு. கழித்தாள். இருபத்தொன்பது புள்ளி ஆறு. பேனாவால் எழுதி, அனுப்பிவிட்டாள். எண் அழகாக, யாரையும் தொந்தரவு செய்யாததாக இருந்தது.

மூத்தவர் இரண்டு மணிக்குத்தான் வந்தார். சாவியை வாங்கிப் புதுத் துணியோடு பெட்டியைத் திறந்தாள். கதவைத் திறந்தபடியே நின்றுவிட்டாள்.

குப்பியில் தண்ணீர், காலையில் அவள் ஊற்றிய கோட்டிலிருந்து மயிரளவுதான் இறங்கியிருந்தது. வழக்கமாக மத்தியானத்துக்குள் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். முதன்முறையாக அந்தத் துணியை இரண்டு விரலால் பிடித்தாள். சொதசொதவென்று ஈரம். அழுக்கு இல்லை, காயவும் இல்லை. தண்ணீர் ஏறாமல் இல்லை, ஏறிய தண்ணீருக்குப் போக இடமில்லை. காற்று ஏற்கெனவே ஏறக்குறைய நிறைந்து கிடந்தது. அளவு முப்பத்து நாலு புள்ளி மூன்று.

*வேர்வை வழியுது, ஆனா காயவே மாட்டேங்குது.*

பெட்டி சொன்னதைத் தம்பி கால்மணி நேரம் முன்னாலேயே சொல்லியிருந்தான். அவள் தண்ணி குடிச்சியா என்று கேட்டாள்.

தலைமையகத்துக்குத் திருத்தம் சொன்னபோது அவள் குரல் நிதானமாகத்தான் இருந்தது. வைத்த கையோடு தம்பியின் எண்ணுக்கு அடித்தாள். மணி அடித்தது, அடித்தது. நாலாவது முறை யாரோ எடுத்தார்கள்.

"யாரு? அக்காவா? நான் மேஸ்திரி பேசறேன்மா."

"அவன்கிட்ட குடுங்க."

"அவன ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விட்டுட்டோம்மா. நின்ன வாக்கிலயே ஏதோ சம்பந்தமில்லாம பேசினான். அப்புறம் விழுந்துட்டான். ஒடம்பு கொதிக்குது, தண்ணிய ஊத்துனோம், அடங்கல. இப்பத்தாம்மா மெசேஜ் வருது, வேலைய நிறுத்துன்னு. என்ன எழவு ஆபீசோ. ரெண்டு மணி நேரம் முன்ன வந்திருந்தா ஒரு வார்த்த பேசாம விட்டிருப்பேன்."

அவள் எந்த ஆபீசில் வேலை பார்க்கிறாள் என்பது மேஸ்திரிக்குத் தெரியாது.

மூத்தவர் வாசற்படிவரை கூடவே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. கண் கலங்கியிருந்தது. "போம்மா, நீ போ. நான் பாத்துக்கறேன். ரிஜிஸ்டர்ல மட்டும் ஒரு வரி எழுதிட்டுப் போயிடு, துணியில கோளாறுன்னு. மூணு பேருக்கும் நல்லது."

"துணி நல்லாத்தான் இருந்துச்சு, சார்."

"அது எனக்குத் தெரியுது. இனிமே தெரிஞ்சு என்னம்மா ஆகப் போகுது?"

எழுதாமல் வந்துவிட்டாள். அதைப் பெரிய காரியமென்று சொல்ல முடியாது. அந்த வரியை அவரே எழுதிக்கொள்வார்.

ஆஸ்பத்திரிக் கூடத்தில் பதினாறு கட்டில்கள். தம்பியைப்போல் இன்னும் மூன்று பேர் அன்று வந்திருந்தார்கள். ஒருவர் செங்கல் சுமப்பவர், மற்ற இரண்டு பேர் யாரென்று சொல்ல இன்னும் ஆள் வரவில்லை. மின்விசிறி சுற்றியது. ஆனால் அது கூடத்தின் ஒரே காற்றை எடுத்து அதே கூடத்துக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. தம்பி கண்ணை அரைவாசி திறந்து படுத்திருந்தான். கண் எதையும் பார்க்கவில்லை. விரல் நகங்களின் ஓரத்தில் தார். சிறுநீரகம் நின்றுபோய்விட்டது, மூளைக்கு என்ன ஆயிற்று என்று இப்போதைக்குச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது அந்த டாக்டருக்கு. நம்பிக்கையாக ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாதே என்று ஒவ்வொரு சொல்லையும் பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தார்.

தம்பி பெண்டாட்டி கட்டிலோரம் நின்று, துணியை நனைத்து அவன் மார்பில் பரப்பினாள். பழைய புடவைக் கிழிசல். அட்டையால் விசிறினாள். நர்ஸ் அப்படிச் செய்யச் சொல்லியிருந்தார்.

"வந்துட்டீங்களா அண்ணி," என்றாள் திரும்பாமலே. "காலைல போறப்பகூட உங்கள கிண்டல் பண்ணிட்டுத்தான் போனாரு. எங்கக்கா இருக்கறப்ப வெயிலு என்னைத் தொடுமான்னு."

மழைக்காரி அட்டையை அவள் கையிலிருந்து வாங்கி அரைமணி நேரம் கை மாற்றி மாற்றி விசிறினாள்.

"எல்லாரும் மெசேஜ் வரும் வரும்னு பாத்துட்டே இருந்தாங்களாம்," என்றாள் தம்பி பெண்டாட்டி. "நெழல்ல போய் நின்னவங்களகூட மேஸ்திரி கூப்ட்டுட்டாராம், வெயிலு கம்மிதான், மெசேஜே வரலைன்னு." துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தாள். அடுத்துக் கேட்டபோது குரலில் குற்றச்சாட்டே இல்லை. தெரியாததைக் கேட்பவளின் குரல்தான். "பன்னெண்டு மணிக்கு உங்க பெட்டி என்ன காட்டுச்சு அண்ணி?"

இருபத்தொன்பது புள்ளி ஆறு என்று பேனாவில் எழுதியிருந்தது. கீழே அவள் கையெழுத்தும் இருந்தது. அதைச் சொன்னால் இவள் தலையாட்டுவாள். விதி என்பாள். நாளைக்கும் அண்ணி என்று கூப்பிடுவாள்.

"முப்பத்து நாலு," என்றாள் மழைக்காரி.

"அது அதிகமா?"

"அதிகம்."

"எவ்வளவு வந்தா நிறுத்துவாங்க?"

"முப்பத்திரண்டு."

தம்பி பெண்டாட்டி கணக்குப் போடுவதை அவள் பார்த்தாள். சின்னக் கணக்குத்தான். இரண்டே எண். முகத்தில் அது மெதுவாக இறங்குவதற்குள் கூடத்தின் மறுகோடியில் யாரோ ஒருத்தி ஓங்கி அழுதாள், இருவரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள், பிறகு மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

"அப்புறம் ஏன்..." என்று தொடங்கினாள். கையை நீட்டி, அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை. வெறுமனே வாங்கிக்கொண்டாள். கட்டிலின் மறுபக்கம் போய் நின்று அவளே விசிற ஆரம்பித்தாள்.

மழைக்காரிக்குக் கையில் ஒன்றும் இல்லை. தம்பியின் மார்பில் கிடந்த துணியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். போட்டு அரைமணி நேரம் ஆகியிருக்கும். போட்டபடியே ஈரமாக இருந்தது. ஓரத்தில் ஒரு சொட்டுத் திரண்டு, விழவும் மாட்டாமல் உலரவும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது.