வெளுத்துப்போன மீன்

ஏப்ரல் 12, சனி. இன்று ஏரி மீன்பிடிப் போட்டியில் ரென்னா செய்த தவறு சின்னதுதான்: படகில் மீனை உயிரோடு வைக்கும் தொட்டியின் மூடியைச் சாத்த மறந்துவிட்டாள். அலபாமா வெயில் காலை முழுக்க அந்த வெள்ளைத் தொட்டிக்குள் நேராக இறங்கியது.

பாசிப் புதரில் தூண்டிலில் மாட்டியபோது அந்தப் பெருவாய் பாஸ் மீன் கரும்பச்சையாக இருந்தது. விலாவில் மையால் இழுத்ததுபோல் ஒரு பட்டை. எடை போடும் மேடையில் பையைத் திறந்தால் சாம்பல் வெளுப்பு, பட்டையைக் காணோம். ஆனால் எடையில் அதுதான் முதல். இந்த ஏரியிலிருந்து மாநிலப் போட்டிக்குப் போகப்போவது ஒரே ஒருவர்.

வருடா வருடம் போய்வருகிற ஹாலிஸ் பீவி இன்று இரண்டாமிடம். அவித்த வேர்க்கடலைத் தோலைத் துப்பிவிட்டு முன்னால் வந்தார்.

"இது சேத்துத் தண்ணி மீனு. மேக்கு ஓடையில புடிச்சிருக்கே. முட்டையிடுற நேரம்னு ஓடைய மூடி வச்சிருக்கிறது தெரியாதா உனக்கு?"

"நான் அந்தப் பக்கமே போகலைங்க."

"அப்ப உன் மீனு பவுடர் பூசிக்கிட்டு வந்துச்சாக்கும்?"

கூட்டம் சிரித்தது. கலங்கல் நீரில் வெளிர் மீன், பாசியில் கரிய மீன். அங்கே எல்லோரும் கண்ணால் பார்த்துப் பழகிய கணக்கு அது. நடுவர் மிஸ் ஒடெல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"ரென்னா, சொல்ல ஏதாச்சும் இருந்தா இப்பவே சொல்லிடும்மா. இல்லேன்னா உன் பேரை எடுத்துடுவேன்."

மீன் தோலுக்குள் கரும்பொடி இருக்கிறது. இருட்டில் பரவும், வெளிச்சத்தில் வெள்ளைப் பின்னணியில் ஒரு புள்ளியாகச் சுருங்கும், மீன் வெளுத்துவிடும். அவள் படிக்கும் மாலைக் கல்லூரியில் விரல் நீள மீனை வைத்துக் காட்டினார்கள். பாஸுக்கும் இது இவ்வளவு சீக்கிரம் நடக்குமா? பாடத்தைச் சரியாகத்தான் கேட்டோமா? யோசித்து முடிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"என் மீனைக் கறுப்புத் தொட்டியில விட்டு மூடுங்க. பீவி சார் மீனை வெள்ளைத் தொட்டியில, மூடாம விடுங்க. ரெண்டுலயும் காத்துக் குழாய் ஓடட்டும். கொஞ்சம் பொறுத்துப் பாருங்க."

"என் மீனு எதுக்கு?"

"ஏன் ஹாலிஸ், பயமா இருக்கா?" என்றார் மிஸ் ஒடெல். அதற்கப்புறம் பீவியால் மறுக்க முடியவில்லை.

ரென்னா தொட்டிகளுக்கு முதுகைக் காட்டி நின்றாள். யாரோ நீட்டிய பன்றியிறைச்சி ரொட்டி கையிலேயே ஆறியது.

முதல் சத்தம் வெள்ளைத் தொட்டிப் பக்கமிருந்து வந்தது. பீவியின் பச்சை மீன் பலமுறை துவைத்த சட்டைபோல் வெளிறிக் கிடந்தது.

"யோவ் ஹாலிஸ்! உன் மீனும் மேக்கு ஓடைக்குப் போயிட்டு வந்துடுச்சா?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார்.

கறுப்புத் தொட்டியின் மூடியை மிஸ் ஒடெல் தூக்கினார். உள்ளே விலாப் பட்டை திரும்ப வந்திருந்தது, காலையில் பார்த்த அதே மைக் கோடு. அவர் ரென்னாவின் கையைப் பிடித்து உயரத் தூக்கினார். படகுகள் எல்லாம் ஒன்றாக ஹாரன் அடித்தன.

பீவி கறுப்புத் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு கடலைப் பொட்டலத்தை அவளிடம் நீட்டினார்.

"பவுடர் கலைஞ்சிடுச்சும்மா. மாநிலப் போட்டியில போய் எவனையும் விடாதே."

இரண்டு மீனும் ஏரிக்கே போயின.

நாளை: தொட்டி மூடிக்கு ஒரு கொக்கி போட வேண்டும்.