மாதிரிப் பிள்ளை

துஷாந்தினி முதல்முறை வீட்டுக்கு வந்து, "உங்கடை மகள் எங்கடை ஆய்விலை ஒரு மாதிரி" என்று சொன்னபோது பத்மாசினிக்குச் சுருக்கென்றது. குமர்ப்பிள்ளையை யாராவது 'ஒரு மாதிரி' என்பார்களா? "என்ரை பிள்ளையிலை என்ன பிழை கண்டனீங்கள் ரீச்சர்?" என்று கதிரையை விட்டே எழும்பிவிட்டாள். துஷாந்தினி பதறிப்போனாள். பள்ளிக்கூடத்திலிருந்து இடைவிலகிய எல்லாப் பிள்ளைகளையும் விசாரிக்க முடியாது, அதனால் சிலரை மட்டும் மாதிரியாக எடுத்து மூன்று வருடம் பின்தொடர்கிறோம், அவர்கள் பள்ளிக்கு வெளியே என்னென்ன கற்கிறார்கள் என்று பார்க்கிறோம் என்றெல்லாம் விளக்கினாள். பத்மாசினிக்கு அதில் ஒரு சொல்தான் பிடிபட்டது. அடுத்த நாள் கிணற்றடியில், கம்பசிலிருந்து ஆள் வந்து தன் மகளை மாதிரிப் பிள்ளையாகத் தெரிவுசெய்திருக்கிறார்கள் என்று சொல்லி முடித்துவிட்டாள்.

அன்றுதொட்டு அந்தக் குடியிருப்பில் தாரிகா மாதிரிப் பிள்ளைதான். அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

சுன்னாகத்துக்குப் பின்னால், வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது அந்தக் குடியிருப்பு. வடகரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த கடற்றொழில் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. தற்காலிகம் என்று சொல்லித்தான் வந்தார்கள். அந்தத் தற்காலிகத்தில் பிறந்து, தவழ்ந்து, குமராகியும் விட்டாள் தாரிகா. கடலை அவள் பார்ப்பது வருடத்தில் ஒருநாள், ஆடி அமாவாசையன்று, தகப்பனுக்காகத் தாயோடு கீரிமலைக்குப் போகும்போதுதான்.

அவள் படிப்பை விட்டதற்குக் காரணம் கணிதம். கணித வாத்தியார் பாதியைப் பள்ளிக்கூடத்திலும் மீதியைக் காசு வாங்கித் தன் ரியூட்டரியிலும் படிப்பிக்கிறவர். தகப்பன் தவறிய வருடம் ரியூசன் நின்றது. மீதிக் கணிதம் அவளுக்குக் கிடைக்கவே இல்லை. வகுப்பில் எழுப்பிக் கேட்டால் விழிப்பாள், பிள்ளைகள் சிரிப்பார்கள். பத்தாம் வகுப்பின் நடுவில் ஒருநாள் வெட்கம் தாங்காமல் நின்றுவிட்டாள்.

"பள்ளிக்கூடத்துக்கு வெளியிலை நீர் என்ன படிச்சனீர்?" என்று துஷாந்தினி முதல் பேட்டியில் கேட்டாள்.

"ஒண்டும் படிக்கேல்லை அக்கா. ரியூசனுக்குப் போக வசதியில்லை."

யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கு வெளியே படிப்பது என்றால் ரியூட்டரிதானே, வேறென்ன? ஆனால் துஷாந்தினியின் முகம் வாடிவிட்டது. "ரியூசனை விடும். வாழ்க்கையிலை என்ன படிச்சனீர்?" என்று மறுபடி கேட்டாள். வெயிலுக்குள் சைக்கிளில் வந்த மனுசி. வெறுங்கையோடு அனுப்பத் தாரிகாவுக்கு மனம் வரவில்லை. தகப்பன் சோற்றுக்கு முன்னால் இருந்து சொல்கிற கதையொன்றை எடுத்துத் தன் கதையாக்கிச் சொன்னாள். கடற்கரையில் மீனைக் கூறு கூறாகக் கொட்டி ஏலம் விடுவார்கள், கூறுக்கு எத்தனை மீன், மீனுக்கு என்ன விலை என்று ஏலக்காரன் வாய் திறக்கமுன் நான் மனதுக்குள்ளே கணக்குப் போட்டுவிடுவேன், கணிதத்தை நான் கடற்கரையில்தான் படித்தேன் என்றாள். துஷாந்தினியின் கண் கலங்கிப்போயிற்று.

அந்தக் கதைக்குக் கால் முளைத்தது. ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, கொழும்புக்குப் போனது, கடல்கடந்தும் போனது. ஆய்வு முறைப்படி அவளுடைய பெயரை மாற்றித்தான் போட்டார்கள், கதையை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். அதை வாசித்து உருகிய யாரோ உதவிசெய்ய, குடியிருப்பில் ஒரு கற்றல் நிலையம் வந்தது. ஒரு அறை, ஒரு கணினி, ஒரு அலுமாரி புத்தகம். தாரிகா அதற்குத் துணை வழிகாட்டி. பின்னேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லிக்கொடுப்பாள். அறையின் திறப்பும் அவளிடம்தான், பூட்டுவதும் திறப்பதும் அவளே. விருந்தினர் வரும்போதெல்லாம் கடற்கரைக் கதையைச் சொல்வதும் அவள் வேலையாயிற்று.

பிள்ளைகள் போனபிறகு கதவைச் சாத்திவிட்டு அவள் செய்கிற வேலை யாருக்கும் தெரியாது. மாதிரி வினாத்தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு கணக்குப் போடுவாள். கணினியில் பாடங்களைத் தேடிப் பார்ப்பாள். அப்படியே ஆங்கிலமும் காதில் ஏறத் தொடங்கியது. விகிதசமன் என்ற அதிகாரம் அவளை எத்தனையோ தடவை அழவைத்தது. எட்டுப் பேர் செய்கிற வேலையைப் பத்துப் பேர் செய்தால் எத்தனை நாள் என்று கேட்டால், ஆள் கூடியதற்கு நாளையும் கூட்டிக்கொண்டு போவாள். ஒருநாள் திடீரென்று பிடிபட்டது. ஆள் கூடினால் நாள் குறையும். இவ்வளவுதானா என்று தனியே இருந்து சிரித்தாள். அந்தத் துணிவில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக விண்ணப்பித்தும் விட்டாள்.

தாயிடம் சொல்லவில்லை, சொன்னால் கிணற்றடிக்குச் சொன்னதாகிவிடும். துஷாந்தினியிடம் சொல்ல முடியாது. போன வருடம் லக்சன் என்ற பெடியன், அவனும் ஒரு மாதிரிதான், தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தான். துஷாந்தினியே கேக் வாங்கிக்கொண்டு வந்து வாழ்த்தினாள். அடுத்த கிழமை அவன் ஆய்விலிருந்து கழற்றப்பட்டான். "இடைவிலகின பிள்ளையளைப் பற்றின ஆய்வு தானே. திரும்பப் படிக்கப் போனவரை இதுக்கை வைச்சிருக்க ஏலாது" என்று துஷாந்தினி வருத்தத்தோடுதான் சொன்னாள். நிலையத்துக்கும் அவன் பிறகு வரவில்லை. தாரிகா திறப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். படிப்பதற்கு அந்த அறை வேண்டும். அந்த அறையில் இருப்பதற்குப் படிக்காதவளாக இருக்கவேண்டும். இந்தப் பொறிக்குள் அவள் தானே போய்த் தலையைக் கொடுத்திருக்கிறாள்.

பரீட்சை தொடங்கியது. இணுவிலில் பெரியம்மா வீட்டில் வேலை என்று ஒரு பொய்யைச் சொல்லி மற்றப் பாடங்களை எழுதிவிட்டாள். வியாழக்கிழமை கணிதம். நிலையத்துக்குப் பணம் தருகிற விருந்தினர் வருகிற கூட்டம் புதன்கிழமை. நல்லவேளை என்றுதான் இருந்தாள்.

புதன் பின்னேரம் துஷாந்தினியின் தொலைபேசி வந்தது. விருந்தினர் கீரிமலைக் கேணியைப் பார்க்கப் போனவர்களாம். தண்ணீரில் காலை வைத்தவர்களுக்கு எழும்ப மனம் வரவில்லையாம். கூட்டம் நாளைக் காலைக்கு மாறிவிட்டது.

"எனக்கு நாளைக்கு ஏலாது அக்கா."

"ஏன்?"

தாரிகாவின் வாயில் வந்தது இதுதான்: "அம்மாவுக்குச் சரியான வருத்தம்."

"ஐயோ. அப்ப நான் காலமை வானோடை வாறன். அம்மாவையும் டொக்டரட்டைக் காட்டிப்போட்டுப் போவம்."

வியாழன் காலை அவள் அனுமதி அட்டையைப் பைக்குள் வைத்துப் படலையைத் திறக்க, வான் வந்து குறுக்கே நின்றது. துஷாந்தினி இறங்கி ஓடிவந்து, "அம்மாவுக்கு இப்ப எப்பிடி?" என்றாள். பத்மாசினி தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தாள்.

"எனக்கென்ன ரீச்சர், குத்துக்கல்லு மாதிரி இருக்கிறன். கூட்டம் இண்டைக்கோ? ஒருத்தரும் சொல்லேல்லையே. பொறுங்கோ, சீலை மாத்திக்கொண்டு வாறன்."

துஷாந்தினி தாரிகாவைப் பார்த்தாள். கோபிக்கவில்லை. "சனத்துக்கு முன்னாலை கதைக்கப் பயந்திட்டீர் என்ன? எனக்கும் பயம்தான்" என்று தோளில் தட்டினாள். கோபித்திருந்தால் தாரிகாவுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வான் பரீட்சை மண்டபப் பள்ளிக்கூடத்தைக் கடந்துதான் போகவேண்டும். வாசலில் வெள்ளைச் சீருடையோடு பிள்ளைகள் நின்றார்கள். சிலர் நெற்றி நிறையத் திருநீறு, சிலர் கடைசி நேரத்தில் புத்தகம் புரட்டுகிறார்கள்.

"அக்கா, இதிலை ஒருக்கா நிப்பாட்டச் சொல்லுங்கோ."

"ஏன்?"

சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் துஷாந்தினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இண்டைக்கு உம்மை நம்பித்தான் எல்லாம் தாரிகா. அவை ஓமெண்டால் நிலையம் இன்னும் மூண்டு வருசம் ஓடும். இல்லாட்டி இந்த மாதத்தோடை பூட்டவேண்டியதுதான். என்ரை வேலையும் அதோடை சரி."

"பேனை ஒண்டு வாங்கவேணும்" என்றாள் தாரிகா.

"பேனைக்கோ கடை? இந்தாரும்." துஷாந்தினி தன் பையிலிருந்து ஆய்வின் பெயர் பொறித்த புதுப் பேனையொன்றை எடுத்துக் கொடுத்தாள். வான் போய்க்கொண்டே இருந்தது.

கூட்டம் ஒரு கலியாண மண்டபத்தில். மணவறையைச் சுவரோடு தள்ளிவிட்டு அதற்கு முன்னால் கதிரைகள் போட்டிருந்தார்கள். முன்வரிசையில் விருந்தினர், பின்னால் குடியிருப்புத் தாய்மார், அவர்களுக்கு நடுநாயகமாகப் பத்மாசினி. தேவாரம் பாடி, விளக்கேற்றி, ஆளாளுக்கு வரவேற்புரை. சுவர் மணிக்கூட்டில் எட்டரை ஆயிற்று, அங்கே பரீட்சை தொடங்கியிருக்கும். அரை மணித்தியாலம் வரை பிந்தியவர்களை உள்ளே விடுவார்கள் என்று தாரிகாவுக்குத் தெரியும். வரவேற்புரை முடியவில்லை. ஒன்பது மணியும் ஆயிற்று. இனி ஓடிப் பிரயோசனமில்லை. அதற்குப் பிறகுதான் அவளை ஒலிவாங்கிக்குக் கூப்பிட்டார்கள்.

கதையை வாய் தன்பாட்டில் சொன்னது. கடற்கரை, கூறு, ஏலம், மனக்கணக்கு. துஷாந்தினி ஒவ்வொரு வசனமாக ஆங்கிலத்தில் சொன்னாள். மற்ற நேரங்களில் இந்தப் பொய் தாரிகாவுக்குக் கூச்சமாக இருக்கும். இன்று அருவருப்பாக இருந்தது. கணிதத்தைக் கடலிடம் படித்தவள் என்று இங்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள், அங்கே அவளுடைய மேசையில் வினாத்தாள் ஆளில்லாமல் கிடக்கிறது.

விருந்தினரில் ஒரு வெள்ளைக்கார அம்மா எழும்பி, மறுபடியும் பரீட்சை எழுத விருப்பமில்லையா என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். துஷாந்தினி தமிழில் சொல்லமுன்பே தாரிகாவுக்கு விளங்கிவிட்டது.

"இண்டைக்குக் கணித சோதனை" என்றாள் தாரிகா ஒலிவாங்கியில். "இப்ப நடக்குது. அனுமதி அட்டை என்ரை பைக்குள்ளை இருக்கு. நான் அங்கை இருக்கவேண்டியவள்."

பின்வரிசையில் சலசலப்பு எழுந்து அடங்கியது. முன்வரிசை மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தது. துஷாந்தினி ஆங்கிலத்தில் சொன்னாள்: "தனக்கு ஒவ்வொரு நாளுமே ஒரு சோதனைதான் என்கிறாள். தான் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறாளாம்."

விருந்தினர் கைதட்டினார்கள். அவர்கள் தட்ட, நடந்தது தெரிந்த தாய்மாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தட்டினார்கள். மகள் இருமினாலும் கைதட்டுகிற பத்மாசினி மட்டும் இரண்டு கையையும் மடியில் போட்டபடி இருந்தாள்.

தேநீர் நேரத்தில் துஷாந்தினி தாரிகாவைச் சமையல்கட்டுப் பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள். கண் சிவந்திருந்தது. "ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னனான்தானே அக்கா. இப்ப எல்லாருக்கும் முன்னாலை சொன்னனான். நீங்கள்தான் வேறை மாதிரிச் சொன்னனீங்கள்."

"அவை ஓமெண்டிட்டினம்" என்றாள் துஷாந்தினி. "இன்னும் மூண்டு வருசம். அதே மாதிரிப் பிள்ளையள்தான் வேணுமாம். ஒருத்தரையும் விடக்கூடாதாம்." சொல்லிவிட்டுத் தாரிகாவின் முகத்தைப் பார்க்கமுடியாமல் திரும்பி நின்றாள். அவளுக்கும் வீட்டில் சோறு வேகவேண்டும் என்று தாரிகாவுக்குத் தெரியும். தெரிந்தாலும் மனம் ஆறவில்லை.

பத்மாசினி வந்து மகளின் பையை வாங்கி, அனுமதி அட்டையை எடுத்துப் படத்தையும் பெயரையும் தடவிப் பார்த்தாள். "ஓடினால் இப்பவும் விடுவினமோ பிள்ளை?"

"இல்லையம்மா."

"எனக்கொரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே. வருத்தமெண்டு பாயிலை விழுந்திருப்பனே." தாரிகா அப்போதுதான் அழுதாள்.

அழுது முடிக்கவும் விடவில்லை, படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். மண்டப வாசலில் வெள்ளைக்கார அம்மா ஒரு பக்கம், துஷாந்தினி மறுபக்கம், நடுவில் தாரிகா. கையில் அந்தப் பேனையை வைத்திருக்கச் சொன்னார்கள். முதல் வினாத்தாள் முடிந்திருக்கவேண்டும், அதை எழுதாதவளுக்கு இரண்டாவதால் பிரயோசனமில்லை. வெள்ளைச் சீருடைகள் வீதியில் வந்துகொண்டிருந்தன. இரண்டு பெட்டைகள் கேற்றுக்கு நேரே நின்று விடை சரிபார்த்தார்கள்.

"எட்டுப் பேர் பதினைஞ்சு நாளிலை கட்டின மதில். பத்துப் பேர் எண்டால் உனக்கு எத்தினை நாள் வந்தது?"

"பதினெட்டே முக்கால்."

"எனக்கும் அதுதான். அப்ப சரியாத்தான் இருக்கும்."

தாரிகாவின் உடம்பெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. ஆள் கூடினால் நாள் குறையுமடி. எட்டுத் தரம் பதினைந்து நூற்றியிருபது. பத்தால் பிரி.

"சிரியுங்கோ தங்கச்சி" என்றார் படம் எடுப்பவர்.

"பன்னிரண்டு" என்றாள் தாரிகா, வாய்விட்டு.

அவள் என்ன சொல்கிறாள் என்று வெள்ளைக்கார அம்மா ஆவலோடு துஷாந்தினியைக் கேட்டார். வீதியில் பிள்ளைகள் கதைத்ததைத் துஷாந்தினியும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். இந்தமுறை அவள் எதையும் மாற்றவில்லை. ஆங்கிலத்தில் பன்னிரண்டு என்று மட்டும் சொன்னாள்.

"ஓ! பன்னிரண்டு மீனா?" என்று கேட்டு அந்த அம்மா தாரிகாவைக் கட்டியணைத்துக்கொண்டார்.