நான்காம் கேள்விக்குப் பத்து மதிப்பெண்

1

இந்தக் கதை எனக்குள் பொங்கி வந்ததல்ல. (பொங்கி வருவதெல்லாம் அடுப்பில் மறந்த பால்.) என் மகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியை ஆண்டு மலருக்குக் கேட்டார். "வாழ்க்கைத் திறன் பாடம் வந்தப்புறம் பிள்ளைங்க மார்க் எப்படி ஏறியிருக்குன்னு காட்டணும் சார். கொஞ்சம் நெகிழ்ச்சியா." மறுக்க முடியவில்லை. அந்தப் பாடநூலில் முதலுதவிப் பாடம் நான் எழுதியது. தேர்வின் நான்காம் கேள்வியும் அதன் விடைக்குறிப்பும்கூட என் கைவண்ணம்.

முதல் தொடக்கம்: 'பரிவு என்னும் விதை வகுப்பறையில்தான்…'

(அடித்துவிட்டேன். எனக்கே குமட்டியது.)

2

இரண்டாம் தொடக்கம், சற்றுமுன் நடந்தது. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிவிட்டு வந்து, போன வாரம் நடந்த முழு ஆண்டுத் தேர்வின் விடைத்தாளை மேசையில் வீசினாள்.

"அப்பா, உங்க கேள்விக்குப் பத்துக்குப் பத்து!"

கேள்வி: உன் அருகில் ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன செய்வாய்? விடை: பதற்றப்பட மாட்டேன். கூட்டத்தை விலக்குவேன். கால்களைச் சற்று உயர்த்தி வைப்பேன்… எல்லாம் என் வாக்கியங்கள். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

"இதுல தமாஷ் என்ன தெரியுமா? இதை எழுதிட்டு இருக்கும்போதே பக்கத்து பெஞ்சுக்காரி மயங்கி விழுந்துட்டா."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, எழுதினோம்."

3

(இந்த இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது. எனக்குத் திறந்த வாய் மூடாததால் அதுவும் முடியவில்லை.)

அறையில் நாற்பது பேர். ஒருத்தி தரையில். என் மகளையும் சேர்த்து முப்பத்தெட்டு பேர் கூட்டத்தை விலக்குவது எப்படி என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். விலக்குவதற்குத்தான் கூட்டம் இல்லை.

"டீச்சர் எங்கே போனாங்க?"

"எக்ஸ்ட்ரா பேப்பர் எடுக்க அடுத்த ரூமுக்கு. யாராவது எழுந்தா தாளைப் பிடுங்கிடுவேன்னு சொல்லிட்டுத்தான் போனாங்க."

எழுந்தது ஒரே ஒருத்தி: கொட்டாவி. கடைசி பெஞ்சு. எந்த வகுப்பிலும் வாய் மூடாததால் வந்த பெயர். (இந்தப் பாத்திரத்தை நான் நம்பவில்லை. படிப்பு ஏறாத பிள்ளைக்குத் தங்க மனசு வைத்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் பழைய பித்தலாட்டம். ஆகவே குறுக்கு விசாரணை செய்தேன்.)

"அவ அவ்ளோ நல்லவளா?"

"சே! என் காம்பஸை வாங்கிட்டுப் போனவ இன்னும் தரலை. கேட்டா, நீதான் தொலைச்சேங்கறா."

நம்பினேன்.

கொட்டாவி விழுந்தவளின் கால்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, கட்டடம் அதிரக் கத்தியிருக்கிறாள். ஓடி வந்த டீச்சர் விழுந்தவளுக்குத் தண்ணீர் தெளித்தார். அவள் எழுந்து உட்கார்ந்தாள். பிறகு டீச்சர் கொட்டாவியின் தாளைப் பிடுங்கினார். விதி விதிதானே. நான்காம் கேள்விக்குக் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. என் விடைக்குறிப்பின்படி பூஜ்யம்.

4

மாற்று முடிவுகள்:

அ) தலைமையாசிரியை கண்கலங்கிக் கொட்டாவிக்குக் கேடயம் வழங்குகிறார். (மலருக்கு ஏற்றது. நடக்காது.)

ஆ) விடைக்குறிப்பு எழுதியவர் வெட்கித் தலைகுனிகிறார். (நடந்தது. எவருக்கும் பயனில்லை.)

இ)

"அப்பா, அவ ஃபெயில். இன்னொரு வருஷம் அதே கிளாஸ்ல உட்காரணும். நாலு மணிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் ரிசல்ட் லிஸ்ட்ல கையெழுத்துப் போட்டுடுவாங்க. போன் பண்ணினா எடுக்க மாட்டாங்க. கேள்வி போட்டவர் நீங்க. நேர்ல போய்ச் சொன்னா கேப்பாங்கப்பா."

"இரு இரு. அவ 'டீச்சர்'னு கத்தினாளா, 'மிஸ்'னு கத்தினாளா?"

"ஏன்?"

"கதைக்கு. இந்த வரியை முடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் என் பேனாவையே பார்த்தாள். வந்தபோது இருந்த சிரிப்பு எங்கேயோ போயிருந்தது.

"அன்னிக்கு நானும் அப்படித்தான்பா நினைச்சேன். இந்த வரியை முடிச்சிட்டு எழுந்துக்கலாம்னு."

5

மணி மூன்று ஐம்பத்திரண்டு. பள்ளி அவளுக்கு ஐந்து நிமிட நடை. என் தொப்பைக்கு ஏழு. என் செருப்பை எடுத்து வாசலில் நேராக வைத்துவிட்டு, கதவைத் திறந்து பிடித்தபடி நிற்கிறாள். கூப்பிடவில்லை.

முடிவை உங்களிடம் விடுகிறேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை, நேரமில்லை. ஒரே ஒரு குறிப்பு: கடைசி வாக்கியம் ஒழுங்காக முற்றுப்புள்ளியோடு முடிந்திருந்தால், நான் நாற்காலியிலேயே இருந்துவிட்டேன் என்று கொள்ளுங்கள். பாதியில் அறுந்திருந்தால், அதையும் உட்கார்ந்தபடியே நடித்தேனா, இல்லை ஒரு காலில் செருப்பும் மறு காலில்