அக்கா சொன்னா சரியா இருக்கும்

என் தம்பிக்கு ஐந்து வருடச் சிறைத்தண்டனை வாங்கிக் கொடுத்தது ஒரு பதினொரு நிமிடப் படம். பெயின்ட் கிடங்கு எரிந்த வழக்கு. அங்கே அவன் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். போலீஸ் விசாரணையைப் படம் பிடித்திருந்தார்கள். "ஆமா, நான்தான் தீ வச்சேன்" என்று அவன் தலையாட்டும் கடைசித் துண்டை மட்டும் கோர்ட்டில் போட்டுக் காட்டினார்கள். முழுப் படம் நாலு மணி நேரம் என்று யாரும் மூச்சு விடவில்லை. எங்கள் வக்கீலும்தான். அவர் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவரை அந்தப் பைக்குள்ளேயே போட்டு ஜிப்பை இழுத்துவிடலாம் போல இருந்தது எனக்கு.

நான் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். வெளுத்து வரும் விரிப்புகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கறை இருந்தால் மறுபடி மெஷினுக்கே அனுப்புவது என் வேலை. இந்தத் தீர்ப்பையும் திருப்பி அனுப்பியே தீருவது என்று கிளம்பினேன்.

டயர் கடைக்கு மேலே ஒரு சின்ன அறையில் புது வக்கீலம்மா கிடைத்தார்.

"மேல்முறையீட்டுல புதுசா கதை சொல்ல முடியாதுக்கா. பழைய வழக்குல எங்க தப்பு நடந்துச்சுன்னு காட்டணும், அவ்வளவுதான். முப்பது நாள்தான் டைம்."

"அப்புறம் ஏன் உக்காந்து பேசிட்டிருக்கோம் மேடம்?"

முழுப் படத்தை அவர் கோர்ட்டில் மனு போட்டு வாங்கினார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவருடைய கம்ப்யூட்டரில் நாலு மணி நேரத்தையும் பார்த்தேன். "வக்கீல் வேணும் சார்" என்று தம்பி மூன்று தடவை கேட்டான். மூன்று தடவையும் இன்ஸ்பெக்டர் காதில் விழாத மாதிரி பக்கத்தைப் புரட்டினார். வக்கீலம்மா ஒவ்வொரு தடவையும் நேரத்தைக் குறித்துக்கொண்டார். மூன்றே முக்கால் மணி நேரம் தாண்டியபோது இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"இனிமே மறைச்சு என்னப்பா ஆகப்போகுது? நீதான் பண்ணினேன்னு உங்கக்காவே எழுதிக் குடுத்துட்டாங்க."

தம்பி அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைத் திருப்பிப் பார்க்கவில்லை. அப்புறம் சொன்னான்.

"அக்கா சொன்னா சரியா இருக்கும்."

அதற்குப் பிறகு எந்தக் கதவு, எத்தனை மணி என்று எல்லாவற்றையும் இன்ஸ்பெக்டரே சொன்னார். இவன் தலையை ஆட்டி ஆட்டி, கடைசியில் அவர் சொன்னபடியே ஒப்புக்கொண்டான். கோர்ட் பார்த்த பதினொரு நிமிடம் அங்கேதான் ஆரம்பித்தது.

அன்றைக்கு நான் எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. அவனுடைய ஸ்வெட்டரை வைத்துக்கொண்டு ஸ்டேஷன் கேட்டுக்கு வெளியே நாள் பூராவும் நின்றேன். உள்ளே விடவே இல்லை. ஆனால் அந்த வாக்கியம் நான் சொல்லிக் கொடுத்தது. எந்தச் சட்டை போடுவது, எந்த வேலைக்குப் போவது, எந்தப் பல்லைப் பிடுங்குவது என்று எல்லாம் நான்தான் முடிவு செய்தேன். அவன் வாய் திறந்தால் அதட்டினேன். அவனும் பழகிப்போய் அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவான். எனக்கு அதில் பெருமை வேறு. வக்கீலம்மா முன்னாலேயே ஓவென்று அழுதேன்.

அடுத்த நாளே சிறைக்குப் போனேன். கைதான நாளிலிருந்து பதினாலு மாதமாக அவன் எனக்கு முகம் கொடுத்துப் பேசியதில்லை. சிறை அவனை அப்படி ஆக்கிவிட்டது என்று நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ரிசீவரை எடுத்தேன்.

"நான் எதுவும் எழுதிக் குடுக்கலடா. அது வெத்துப் பேப்பர். இத்தனை மாசமா ஏன்டா என்னைக் கேக்கல?"

"நீ சொன்னா ஏதாவது காரணம் இருக்கும்னு நெனச்சேன்க்கா."

அவன் அழுதான். நானும் அழுதுகொண்டே திட்டினேன்.

மனு போட்டோம். வக்கீல் கேட்டும் தராதது, பொய் சொல்லி வாங்கிய வாக்குமூலம், முழுப் படத்தைப் பார்க்காமல் கொடுத்த தீர்ப்பு என்று வக்கீலம்மா வரிசையாக எழுதியிருந்தார். விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது அரசுத் தரப்பிலிருந்து தூது வந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு மனுவை வாபஸ் வாங்கினால் நாலு மாதத்தில் வெளியே விடுவார்களாம்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. தோற்றால் இன்னும் மூன்றரை வருடம். திரும்பவும் ரிசீவரை எடுத்தேன்.

"போதும்டா. ஒத்துக்கோ. வீட்டுக்கு வந்துரு."

அவன் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தான்.

"இல்லக்கா. நீ சொல்றது தப்பு. செய்யாததை ஒரு தடவை ஒத்துக்கிட்டேன். இன்னொரு தடவை மாட்டேன்."

பழக்க தோஷம், அதட்ட வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் மூடிக்கொண்டேன். என் வாழ்நாளில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

மேல் கோர்ட்டில் மூன்று நீதிபதிகள். நாலு மணி நேரத்தையும் பார்த்தார்கள். காகிதம் வந்த இடத்தில் நடுவில் இருந்தவர் நிறுத்தச் சொன்னார்.

"அக்கா எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்ற அந்தப் பேப்பர் எங்கே?"

"அப்படி ஒரு பேப்பர் இல்லைங்க ஐயா" என்றார் அரசு வக்கீல்.

ஆறு வாரம் கழித்துத் தண்டனையை ரத்து செய்தார்கள். அந்த வாக்குமூலத்தை எடுத்துவிட்டால் வழக்கில் வேறு எதுவுமே இல்லை என்று எழுதியிருந்தார்கள்.

சிறை வாசலில் அதே ஸ்வெட்டரோடு நின்றேன். சின்னக் கதவு வழியாகக் குனிந்து வந்தான்.

"காத்து அடிக்குது பாரு, இதைப் போட்டுக்கோ."

"எனக்குக் குளிரலக்கா."

சரி என்று மடித்து என் கையிலேயே வைத்துக்கொண்டேன். எந்தப் பஸ்ஸில் போகலாம் என்று அவனைக் கேட்டேன்.