மேடையில் சொல்ல வேண்டியது

பழைய மாணவிகள் சங்கத்தின் வருடாந்த இராப்போசனத்துக்கு யூஜினா இருபத்திரண்டு வருடங்களாகப் போனதில்லை. இந்த வருடம் கொழும்பில், வெள்ளவத்தை ஹோட்டல் ஒன்றில் நடந்தது. புதிய தலைவியாக யதுஷா பதவியேற்பாள் என்று அழைப்பிதழில் இருந்ததால் போனாள்.

இருவரும் கொட்டாஞ்சேனையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். மாணவத் தலைவியைத் தெரிவு செய்யவிருந்த வாரம் ஆசிரியை ஒருவரின் கைமணிக்கூடு காணாமல் போய், யூஜினாவின் பையில் அகப்பட்டது. காலைக் கூட்டத்தில் அவளை மேடையில் ஏற்றி நிறுத்தினார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமந்த அப்பா பேதுரு அழுக்குச் சட்டையோடு வந்து, எல்லோர் முன்னாலும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். யூஜினா அதோடு பள்ளிக்கூடத்தை விட்டாள். தலைவியானது யதுஷா.

போன வருடம் ஒரு செத்த வீட்டில், அதே வகுப்பில் படித்த ஷெரோமி வாய் திறந்தாள். "மணிக்கூட்டை உன்ர பையில யதுஷாதான் போட்டவள். நான் கண்டனான். பயத்தில சொல்லேல்ல." பேதுரு இறந்து அப்போது மூன்று வருடம்.

ஹோட்டல் பாத்ரூமில் யதுஷா உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள்.

"யூஜி! எவ்வளவு காலம்!"

"மணிக்கூட்டை என்ர பையில போட்டது நீதானே?"

யதுஷாவின் கை நின்றது. உள்ளே வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தாள்.

"அப்ப பதினெட்டு வயசு. விசர் வேலைதான். மன்னிச்சுக்கொள். என்ர மகளும் வந்திருக்கிறாள், இங்க கதைக்காத."

"என்ர அப்பாவும் வந்திருந்தவர். அவருக்கு முன்னாலதானே என்னைக் கள்ளி எண்டவை."

"என்னை என்ன செய்யச் சொல்றாய்?"

"மேடையில சொல்லு. நீ சொல்லாட்டி நான் சொல்லுவன்."

யதுஷா மேடை ஏறினாள். நன்றியெல்லாம் சொல்லி முடித்து, "பள்ளிக்கூடக் காலத்தில நாங்கள் எல்லாரும் சின்னச் சின்னப் பிழை விட்டிருப்பம். ஆரையும் நோகடிச்சிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றாள். மண்டபம் கைதட்டியது.

அந்தக் கைதட்டல்தான் யூஜினாவுக்குத் தாங்கவில்லை. எழுந்து போய் ஒலிவாங்கியை வாங்கினாள். குரலை உயர்த்தவில்லை.

"என்னைக் கள்ளி எண்டு அனுப்பினது உங்களில கனபேருக்கு நினைவிருக்கும். மணிக்கூட்டை என்ர பையில வைச்சது இவ. என்ர அப்பா செய்யாத குற்றத்துக்குக் கைகூப்பினவர்." ஒலிவாங்கியை யதுஷாவிடம் நீட்டினாள். "இல்லையெண்டு சொல்லு."

யதுஷா மகள் இருந்த மேசையைப் பார்த்தாள். ஒலிவாங்கியை வாங்கவில்லை. பின்னால் ஷெரோமி எழுந்து நின்றாள். "ஓம். நான் கண்டனான்."

மகள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். யதுஷா சேலையைத் தூக்கிப் பிடித்தபடி பின்னால் ஓடினாள்.

அந்தப் பிள்ளையின் முகம் யூஜினாவைக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி எடுக்க அவளுக்கு மனமில்லை.

மேசைக்குத் திரும்பியபோது செயலாளர் மெற்றில்டா வந்து குனிந்தாள். "ஒரு நல்ல நாளில இது தேவையா, யூஜி? தனியக் கதைச்சிருக்கலாமே."

"தனியத்தான் மன்னிப்புக் கேட்டவ. எனக்கு அது காணாது."

பக்கத்து நாற்காலிக்காரிகள் இருவர் எழுந்து வேறு மேசைக்குப் போனார்கள். யூஜினா சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் இழுத்து, பசியோடு சாப்பிடத் தொடங்கினாள்.