சுண்ணாம்பில் எழுதிய தேதி

மூட்டைப்பூச்சி கொல்வதில், பன்னிரண்டு வீடுகள் ஒட்டிக் கிடக்கிற எங்கள் லயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை நானாகச் சொல்லவில்லை. என் மனைவி வேலாயி, கல்யாணமாகி ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்கு வந்த முதல் வாரமே சொன்னாள். கட்டில் இடுக்குகளில் கோழி இறகால் மண்ணெண்ணெய் தொட்டு வைப்பேன். கட்டிலை வாசலுக்குத் தூக்கிப் போட்டுக் கொதிதண்ணீர் ஊற்றுவேன். வெயில் முகம் காட்டுகிற நாளில் சாக்குகளை விரித்துப் போட்டுத் தட்டுவேன். அவள் பக்கத்தில் நின்று, "அந்தா ஒண்ணு, இந்தா ஒண்ணு" என்று காட்டிக் கொடுப்பாள். தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவனுக்கு நிலமா, நீச்சா? இதுதான் எனக்கிருந்த பெருமை.

அந்தப் பெருமையில்தான் ஸரூக் வந்து மண்ணைப் போட்டான்.

சந்திரனில் மனிதன் கால் வைத்த வருஷம் அது. முதல் பிரசவத்துக்குப் பூனாகலையில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்த வேலாயி, மூன்று மாதக் குழந்தையோடு திரும்பி வந்திருந்தாள். வந்த நாலாம் நாளே பிள்ளையின் தொடையெல்லாம் தடிப்புத் தடிப்பாகச் சிவந்துவிட்டது. ஒரு போத்தல் மண்ணெண்ணெயைத் தீர்த்துப் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

"இந்தப் பூச்சிக்கு ஒரு முடிவு கட்டுங்க. இல்லாட்டி புள்ளயத் தூக்கிக்கிட்டு பூனாகலைக்கே போயிருவேன்" என்றாள் வேலாயி.

அவள் சொன்னால் செய்கிறவள். நல்லவேளையாக அந்த வாரமே, எல்லா லயங்களுக்கும் டீ.டீ.டீ மருந்து அடிக்க ஆள் வருவதாகத் தோட்டத்து டாக்டரய்யா சொல்லியனுப்பினார். வந்தவன்தான் ஸரூக். பண்டாரவளைக்காரன். வயது இருபத்தைந்துக்கு மேல் இராது. காக்கிச் சட்டை, மழித்த முகம், முதுகில் பளபளவென்று ஒரு பித்தளை டேங்க். அந்த டேங்குக்கு முன்னால் என் மண்ணெண்ணெய்ப் போத்தல் நாய் முகர்ந்து பார்க்கக்கூட லாயக்கில்லாமல் போயிற்று.

முதல் நாள் மருந்து அடிக்கவில்லை. லயத்து ஜனத்தையெல்லாம் வாசலில் கூட்டி வைத்து விளக்கம் சொன்னான். சுவர் வெடிப்புகளைக் களிமண்ணால் பூசி அடைக்க வேண்டும். பாய், தலையணை, பானை, சட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைக்க வேண்டும். அடித்த பிறகு சுவரைக் கழுவக்கூடாது. கடைசியாக இன்னொன்றும் சொன்னான்.

"பன்னெண்டு காம்பராவுக்கும் ஒரே நாள்ல அடிக்கணும். ஒண்ண விட்டீங்கண்டா, மத்ததுல உள்ள பூச்சியெல்லாம் அங்க ஓடிரும்."

நான் இதைக் காதில் வாங்கவே இல்லை. நான் வேலாயியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவள், அவனிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். தொட்டில் கயிற்றுக்கும் அடிக்கணுமா? பிள்ளையை எப்போது உள்ளே கொண்டுபோகலாம்? பானைக்கு மருந்து பட்டால் என்ன செய்வது? அவன் ஒவ்வொன்றுக்கும் "தங்கச்சி, தங்கச்சி" என்று நின்று நிதானமாகப் பதில் சொன்னான். இடையில் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். கொதிதண்ணீர் ஊற்றிக் கைவெந்த எனக்கு அந்தச் சிரிப்பு ஒரு நாளும் கிடைத்ததில்லை.

போகிற போக்கில் எங்கள் ஏழாம் காம்பராவை எட்டிப் பார்த்து, "இந்த லயத்துலயே உங்க வீடுதான் சுத்தம் தங்கச்சி" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மருந்து அடிக்கிற நாளில் எல்லோரும் கதவைத் திறந்து போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட வேண்டும். வெளியே கிடக்கிற சாமான்களுக்குக் காவலாக ஓர் ஆள் நின்றால் போதும். "நான் நிக்கிறேன்" என்று வேலாயி முந்திக்கொண்டாள்.

"நீ கொழுந்து எடுக்கப் போ. நான் நிக்கிறேன்" என்றேன்.

"ஒரு நாள் பேரு போயிருமே ஒங்களுக்கு? சம்பளம் வெட்டிருவாங்களே?"

"போனாப் போகுது."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பிள்ளையை ஆயா பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விடப் போனாள்.

காலைப் பெரட்டில் பேர் கொடுத்து எல்லோரும் மலைக்கு வேலைக்குப் போய், லயம் வெறிச்சோடிய பிறகு ஸரூக் வந்தான். டேங்கை இறக்கி வைத்துச் சுற்றிலும் பார்த்தான். பிறகு அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே இதுதான்: "தங்கச்சி நிப்பேண்டு சொன்னாங்களே, வரல்லையா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. நான் ஒருத்தன் மலை மாதிரி எதிரில் நிற்கிறேன், அவன் கண் அவளைத் தேடுகிறது. அவன் முதல் காம்பராவுக்குள் நுழைந்ததும் நான் நேராகப் போய் எங்கள் கதவை இழுத்துப் பூட்டினேன். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஒவ்வொரு காம்பராவாக அடித்து முடித்து, கதவில் சோக்குக்கட்டியால் தேதி எழுதிக்கொண்டே வந்தான். ஏழாவதுக்கு வந்ததும் நின்றான்.

"என்ன அண்ணே, பூட்டிக் கிடக்கு?"

"சாவிய அவ மலைக்குக் கொண்டுபோயிட்டா."

"ஆளனுப்பி எடுக்கேலாதா?"

"ஏலாது."

கதவில் ஒரு பெருக்கல் குறி போட்டான். கொப்பியிலும் ஏதோ எழுதினான். "நாளைக்கும் மேல் லயத்துலதான் நிப்பேன். ஒரு சொல் சொல்லியனுப்புங்க, வந்து அடிச்சுத் தாறேன்" என்றான். நான் தலையை ஆட்டி வைத்தேன்.

அவன் போன பிறகுதான் அந்தப் பெருக்கல் குறி கண்ணை உறுத்தியது. ஈரத்துணியால் துடைத்தேன். வெற்றிலைப் பையில் இருந்த சுண்ணாம்பை விரலில் எடுத்து, ஆறாம் காம்பராக் கதவைப் பார்த்து அதே தேதியை எங்கள் கதவில் எழுதினேன். எழுத்து கொஞ்சம் தடித்துப் போயிற்று. சாயந்தரம் வேலாயி வந்து அதைத் தொட்டும் தொடாமலும் பார்த்து, "அப்பாடா" என்றாள். மருந்து வாடைக்கும் குறைவில்லை. லயத்துக் காம்பராக்களின் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. மற்றப் பதினொரு காம்பராவின் வாடையும் எங்களுக்குத்தான் வந்தது.

வாடை வந்த வழியிலேயே பூச்சியும் வந்தது. நாலு நாளில் கூரை வளையில் வரிசை, தொட்டில் கயிற்றில் வரிசை, நான் கழற்றிப் போட்ட சட்டை மடிப்பில் வரிசை. பதினொரு வீட்டில் ஜனம் நிம்மதியாகக் கிடக்க, எங்கள் பிள்ளை மட்டும் வீரிட்டு அழுதது. அதன் கன்னத்தில்கூடத் தடிப்பு.

வேலாயி ஸரூக்கைத் திட்ட ஆரம்பித்தாள். "மினுக்கிக்கிட்டு வந்தானே, பச்சத் தண்ணியத்தான் அடிச்சுட்டுப் போயிருக்கான்! வெளங்குவானா அவன்?"

உண்மையைச் சொல்கிறேன், என் வாழ்நாளில் அவ்வளவு இனிப்பான பேச்சை நான் கேட்டதில்லை. பூச்சி கடித்த இடத்தைச் சொறிந்துகொண்டே கேட்டேன். இன்னும் கொஞ்சம் திட்ட மாட்டாளா என்றிருந்தது.

மறுநாள் அவள் என்னிடம் சொல்லாமலே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டாக்டரய்யாவிடம் போய்விட்டாள். சாயந்தரம் டாக்டரய்யா ஸரூக்கையும் கூட்டிக்கொண்டு லயத்துக்கே வந்தார். ஜனம் கூடிவிட்டது.

"மருந்து அடிச்சியா, இல்லாட்டி ஏமாத்தினியா? இந்தப் புள்ளையப் பாரு. ஒழுங்கா வேல செய்யேலாட்டி வீட்டுக்குப் போ" என்று டாக்டரய்யா சத்தம் போட்டார்.

ஸரூக் கொப்பியை விரித்துக் காட்டினான். ஏழுக்கு நேரே 'கதவு பூட்டு' என்று இருந்தது. பிறகு எங்கள் கதவில் இருந்த தேதியைப் பார்த்தான். விரலால் தேய்த்து முகர்ந்தான்.

"இது நான் எழுதினது இல்லீங்க. இது சோக்கும் இல்ல, வெத்திலச் சுண்ணாம்பு."

வேலாயியின் பார்வை கதவிலிருந்து என் இடுப்பில் இருந்த வெற்றிலைப் பைக்கு வந்தது. அங்கேயே நின்றது.

"நீங்களா பூட்டுனீங்க?"

"ஆமா."

"ஏன்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "அவன் வந்ததும் ஒன்னத்தான் கேட்டான். என்னைய ஒரு பேச்சுக் கேக்கல" என்றேன்.

லயமே சிரித்தது. பக்கத்துக் காம்பரா பாக்கியலெட்சுமி சிரிப்புத் தாங்காமல் கதவைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரய்யாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலாயி சிரிக்கவில்லை. பிள்ளையின் கன்னத்தை முந்தானையால் துடைத்தாள்.

ஸரூக் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒரு தரத்தோட தீராது. இப்ப அடிச்சு, அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொரு தரம் அடிக்கணும். அதுவரைக்கும் புள்ள இங்க இருக்கக் கூடாது" என்றான்.

"நாங் காலையில பூனாகலைக்குப் போறேன்" என்றாள் வேலாயி.

நானும் கூட வருவதாகச் சொன்னேன். "நீங்க வீட்டுல இருங்க. மறுபடி யாரும் கதவப் பூட்டாம பாத்துக்கங்க" என்றாள்.

விடிந்ததும் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனேன். பஸ் ஏற்கெனவே நின்றிருந்தது. உள்ளே ஜன்னலோரம் காக்கிச் சட்டை. பூனாகலைக்குப் பண்டாரவளை வழியாகத்தான் போக வேண்டும்; தோட்டத்தில் வேலை முடிந்து அவனும் பண்டாரவளைக்குத்தான் போகிறான். வேறு பஸ் மத்தியானத்துக்கு மேல்தான். வேலாயி படியில் கால் வைத்ததும் அவன் எழுந்து வந்து, "குடுங்க தங்கச்சி" என்று பிள்ளையை வாங்கிக்கொண்டான். என் பிள்ளை, என்னைக் கண்டாலே அழுகிற பிள்ளை, அவன் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தது.

பெட்டியை நானே மேலே ஏற்றிக் கட்டினேன். பஸ் புறப்படும்போது வேலாயி ஜன்னலால் தலையை நீட்டினாள். இரண்டு நாளாக வராத சிரிப்பு அப்போதுதான் அவள் முகத்தில் லேசாக வந்தது.

"அடுத்த வெள்ளிக்கிழம இவரு மருந்தடிக்க வர்ற பஸ்ஸுலதான் நானும் வருவேன். கதவத் தொறந்து வைங்க."